சவரக்கத்தி வாங்கப் போறீங்களா? அழகுக்கு நாலாவது இடம்!

கம்பம், சின்னமனூர், போடி என்று எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தாலும் இப்போது விதவிதமான தாடிகள். தாடி என்று வந்துவிட்டால் அதற்குக் கரை கட்ட வேண்டும், கன்னத்தில் கோடு நேராக விழ வேண்டும். அதனால் தாத்தா காலத்தோடு போய்விட்டது என்று நாம் நினைத்திருந்த மடக்குச் சவரக்கத்தி மறுபடியும் வீட்டுக்குள் வந்திருக்கிறது. சிலர் பரணிலிருந்து எடுக்கிறார்கள். சிலர் வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லி வரவழைக்கிறார்கள். பலர் செல்போனில் படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள்.

"ஐயா, இது நல்லாருக்கா பாருங்க" என்று என்னிடம் படம் காட்டுகிறவர்களும் உண்டு. படத்தில் கைப்பிடி தெரிகிறது, அலகில் செதுக்கிய சிங்கம் தெரிகிறது, மினுமினுப்பு தெரிகிறது. முகத்தில் படப்போகிற அந்த மெல்லிய வாய் மட்டும் தெரிவதில்லை.

திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கவாத்துக் கத்தரி வாங்கும்போது அதன் நிறத்தையா பார்க்கிறீர்கள்? கொடியை நசுக்காமல் வெட்டுகிறதா, கை வலிக்காமல் இருக்கிறதா என்றுதானே பார்க்கிறீர்கள்! கொடிக்குக் காட்டுகிற அக்கறையை நம் கன்னத்துக்கும் காட்ட வேண்டாமா?

வைத்தியருக்குக் கத்தியோடு என்ன வேலை?

நியாயமான கேள்விதான். சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை. கட்டு, பற்று, ஒற்றடம் என்று தொடங்கும் அந்த வரிசையில் கீறல், அறுவை, குருதி வாங்கல் ஆகியவையும் உண்டு. நம் ஊர்களில் முடி திருத்தியவர்களே கட்டியைக் கீறினார்கள், புண்ணுக்கு மருந்து போட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். 'மருத்துவர்' என்ற பெயர் அந்தச் சமூகத்துக்கு இன்றும் நிற்பது அதனால்தான். அவர்களுடைய அடைப்பத்தில் சவரக்கத்தியும் சிறு கத்திகளும் படிகாரக் கல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. லண்டனில் 1540-ம் ஆண்டிலிருந்து 1745-ம் ஆண்டு வரை நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் ஒரே சங்கத்தில்தான் இருந்தார்கள். ஆகவே சவரக்கத்தியை ஓர் அலங்காரப் பொருளாகப் பார்க்காமல், தோலில் படும் மருத்துவக் கருவியாகவே பாருங்கள். அப்படிப் பார்த்தால் எதை வாங்குவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஆறு குணம், எட்டுக் குற்றம்

நம் சித்த மருத்துவத்துக்கு அண்டை வீடான ஆயுர்வேதத்தில் சுசுருத சம்ஹிதை என்ற நூல் அறுவைக்குப் பேர்போனது. வெட்டும் கருவிகளுக்கென்று அதில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. நல்ல கருவிக்கு அது சொல்லும் குணங்கள் ஆறு.

முதலாவது, பிடிக்க வசதியாக இருக்க வேண்டும். இரண்டாவது, நல்ல உலோகம். மூன்றாவது, நல்ல கூர். நான்காவது, நல்ல தோற்றம். ஐந்தாவது, முனை சரியாக அமைந்திருக்க வேண்டும். ஆறாவது, வாயில் பல் பல்லாக இருக்கக் கூடாது.

கவனித்தீர்களா? அழகை அந்த நூல் ஒதுக்கிவிடவில்லை. அதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் பிடி, உலோகம், கூர் மூன்றும் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அழகுக்கு நாற்காலி.

அதே நூல் குற்றங்களையும் எண்ணிச் சொல்கிறது. வளைந்தது, மழுங்கியது, உடைந்தது, சொரசொரப்பான வாய் உள்ளது, அளவுக்கு மீறித் தடித்தது, மிகச் சிறுத்தது, மிக நீண்டது, மிகக் குட்டையானது என்று எட்டு. இந்த எட்டில் 'அழகில்லாதது' என்று ஒரு குற்றமே கிடையாது! அழகு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. கத்தி வாங்குகிறவர் மனதில் வைக்க வேண்டிய கணக்கு இவ்வளவுதான்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிடி: நனைந்த கையில் சோதியுங்கள்

கடையில் காய்ந்த கையால் பிடித்துப் பார்த்தால் எல்லாக் கத்தியும் நன்றாகத்தான் இருக்கும். சவரம் செய்யும்போது கையில் தண்ணீர் இருக்கும், சோப்பு நுரை இருக்கும். அந்த நிலையில் வழுக்கக் கூடாது. முழுக்க உலோகத்தில் செதுக்கிப் பொன்முலாம் பூசிய கைப்பிடி பார்க்க ராஜா வீட்டுப் பொருள் போல இருக்கும். ஆனால் கனமாக இருக்கும், நனைந்தால் வழுக்கும்.

கத்தியை நேராக விரித்து, அலகும் கைப்பிடியும் சேரும் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு விரலில் தாங்கிப் பாருங்கள். ஏறக்குறைய சமமாக நின்றால் எடை சரி. ஒரு பக்கம் தடாலென்று சாய்ந்தால் அந்தக் கத்தி உங்கள் கைக்கு அடங்காது. சுண்டுவிரல் வைக்க வால் பகுதி சற்று வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கத்தியை மடக்கும்போது வாய் நடுவில் போய் உட்கார வேண்டும். கைப்பிடியின் ஒரு பக்கம் உரசினால், மடக்கும் ஒவ்வொரு தடவையும் கூர் போகும்.

கைப்பிடிக்கு எருமைக் கொம்பு, மரம், பிளாஸ்டிக் எல்லாமே சரிதான். மரம் தண்ணீரில் ஊறினால் உப்பும், வெடிக்கும். எண்ணெய் ஏற்றி மெருகிட்ட மரமாக இருக்கட்டும். பழைய கத்திகளில் செல்லுலாய்டு கைப்பிடி இருக்கும். ஆமை ஓடு போலப் புள்ளி புள்ளியாக மிக அழகாக இருக்கும். ஆனால் வயதானால் அது சிதைந்து ஒருவித ஆவியை விடும், உள்ளே மடங்கியிருக்கும் அலகு துருப்பிடிக்கும். வெளியே அழகு, உள்ளே அரிப்பு!

தந்தக் கைப்பிடி என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1986, 1991-ல் வந்த திருத்தங்களும் தந்த வியாபாரத்தைத் தடை செய்துவிட்டன. நம் மேகமலைக் காடு 2021-ல் புலிகள் காப்பகமாகி இருக்கிறது. அங்கே நடமாடும் யானைகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நாம் அந்தப் பாவத்தில் பங்கு கேட்கலாமா?

உலோகம்: பளபளப்பு வேறு, பதம் வேறு

கத்தி எஃகு இரண்டு வகை. துருப்பிடிக்காத எஃகு ஒன்று, கார்பன் எஃகு மற்றொன்று. கார்பன் எஃகைத் தீட்டுவது சுலபம், நுட்பமான கூர் எடுக்கும். ஆனால் ஈரம் பட்டால் துரு ஏறும். நம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடியில் சாரல் காற்று வீசும்போது குளியலறை அலமாரியில் வைத்த ஆணிகூடச் சிவந்துபோகிறது. துடைத்து எண்ணெய் தடவி வைக்கும் பொறுமை உள்ளவர் கார்பன் எஃகு வாங்கலாம். "அதெல்லாம் நமக்கு ஆகாதுங்க" என்பவர் துருப்பிடிக்காததை வாங்குவது புத்திசாலித்தனம்.

பழைய கத்தியைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றி விற்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்திரச் சக்கரத்தில் வைத்து மெருகிடும்போது மெல்லிய வாய் சூடேறும். அதிகம் சூடேறினால் எஃகு நீலம் பாரிக்கும், பதம் இறங்கிவிடும். அதன் பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அலகின் ஓரத்தில் நீலமோ பழுப்போ படர்ந்திருந்தால் அந்தப் பளபளப்புக்கு மயங்காதீர்கள்.

அலையலையாகக் கோலம் விழுந்த 'டமாஸ்கஸ்' கத்தி இப்போது ஒரு மோகம். உண்மையில் அந்தப் பெயருக்குப் பின்னால் நம் தென்னிந்திய உருக்கின் பெருமை இருக்கிறது. 'ஊட்ஸ்' என்று வெள்ளைக்காரர் அழைத்த உருக்கு இங்கிருந்து போனதுதான். விஞ்ஞானி மைக்கேல் பாரடே 1819-ல் அதை ஆராய்ந்தார். அவருடன் வேலை செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் லண்டனில் அறுவைக் கருவிகள் செய்தவர், நம் உருக்கை மெச்சியவர். அந்த ஆராய்ச்சியில் உருவாக்கிய எஃகில் சவரக்கத்திகள் செய்து பாரடே நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறார்!

அந்த உருக்கில் கோலம் உலோகத்தின் உள்ளிருந்து வந்தது. இன்றைக்குக் குறைந்த விலையில் வரும் பலவற்றில் அது மேலே பொறித்த படம்தான். உள்ளே என்ன எஃகு என்று விற்பவர் சொல்லாவிட்டால், கோலத்துக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். ஜெர்மனியில் சோலிங்கன் கத்திக்குப் பேர்போன ஊர். அந்தப் பெயரை அங்கே செய்த சரக்குக்கு மட்டுமே போடலாம் என்று 1938-லேயே அந்த நாட்டில் சட்டம் வந்தது. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது மாதிரி. ஆனாலும் போலிகள் நிற்கவில்லை. பெயர் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கூர்: உங்கள் தோலுக்கு உள்ள ஒரே பாதுகாப்பு

"கூரான கத்தி வெட்டிவிடுமே?" என்று பயப்படுகிறார்கள். மழுங்கிய கத்திதான் அதிகம் வெட்டும். கூர் இல்லாதபோது நாம் அழுத்துகிறோம். அழுத்தினால் முடி அறுபடாமல் இழுபடும், தோலின் மேல்பரப்பு உரிந்துவரும். இழுபட்டு அறுந்த முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கட்டியாகும். சுருட்டை முடிக்காரர்களுக்குக் கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

வாங்கும் முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். கத்தியை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மேல் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் நெடுகப் படிய வேண்டும். ஆட்டம் காட்டினால் அலகு முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தீட்டித் திருத்துவது கஷ்டம். அடுத்து, வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெள்ளைக் கோடாகவோ புள்ளியாகவோ மின்னினால் அங்கே மழுங்கல் அல்லது பல் விழுந்திருக்கிறது. நல்ல வாய் மின்னாது.

அலகின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்வார்கள். முதன்முதலாக வாங்குபவருக்கு எட்டில் ஐந்து (சுமார் 16 மி.மீ.) அல்லது எட்டில் ஆறு (சுமார் 19 மி.மீ.) போதும். அதற்கு மேல் அகலமானது கம்பீரமாக இருக்கும், ஆனால் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் நுழையாது. பக்கவாட்டில் மிகவும் குழிவாகச் செதுக்கிய அலகு மெல்லியது, லேசானது. ஆப்பு மாதிரி தடித்த அலகு கனமானது, தீட்டக் கஷ்டம். புதியவர்களுக்கு இரண்டுக்கும் நடுத்தரம் நல்லது.

இன்னொரு சங்கதி. புதுக் கத்தி என்றால் சவரப் பதத்தில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலானவற்றைத் தீட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்காகத் தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் அரிவாள்மணையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். சாணைச் சக்கரம் சவரக்கத்திக்கு எமன். மிக நயமான தீட்டுக்கல்லும், தினசரி துலக்கத் தோல் வாரும் வேண்டும். சுசுருத நூல் தீட்டுவதற்கு உளுந்து நிறத்தில் வழவழப்பான கல்லையும், கூரைக் காப்பதற்கு இலவம் பலகையையும் சொல்கிறது. போடிப் பக்கம் பஞ்சுக்காக வளர்க்கிறோமே, அந்த மரத்துக்கு உறவுக்கார மரம்தான் அது. தீட்டி முடித்த கருவி ரோமத்தை அறுக்க வேண்டும் என்பதே அந்த நூல் வைத்த பரீட்சை.

முனை: கூரா, மொட்டையா?

முனை சதுரமாக, ஊசி போலக் கூராக இருந்தால் தாடிக்குக் கோடு எடுக்க வசதி. பார்வைக்கும் மிடுக்கு. ஆனால் பழகாத கையில் காது மடலையும் உதட்டோரத்தையும் குத்துவது அந்த முனைதான். முதல் கத்திக்கு முனை வட்டமாகவே இருக்கட்டும். கை பழகியபின் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அழகு?

வள்ளுவர் 279-வது குறளில், அம்பு நேராக இருந்தாலும் கொடியது, யாழின் கழுத்து வளைந்திருந்தாலும் இனிமை தருவது, ஆகவே செயலைப் பார்த்து முடிவு செய் என்கிறார். அதற்கு அடுத்த 280-வது குறள் எதைப் பற்றித் தெரியுமா? தலையை மழிப்பதையும் சடை வளர்ப்பதையும் பற்றி! தோற்றத்தைக் கண்டு ஏமாறாதே என்று சொல்லிவிட்டு உடனே முடிக்கு வந்திருக்கிறார்.

அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணுக்குப் பிடித்த கத்தியை மனிதன் துடைத்து வைக்கிறான், எண்ணெய் போடுகிறான், கண்ட இடத்தில் எறிவதில்லை. அந்த வகையில் அழகும் ஒரு பாதுகாப்புதான். பிடி, உலோகம், கூர் மூன்றிலும் தேறிய இரண்டு கத்திகள் முன்னால் இருந்தால், அழகானதையே எடுத்துக்கொள்ளுங்கள். தேறாத ஒன்று எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சுவரில் மாட்டவே லாயக்கு.

ஒரு கத்தி, ஒரு முகம்

இதுவரை சொன்னது தோலைப் பற்றி. இனி சொல்லப்போவது உயிரைப் பற்றி.

சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் கழுத்தெல்லாம் சீழ்ப் பருக்களோடு வந்தார். கத்தியைக் கொண்டுவரச் சொன்னேன். வளைகுடா நாட்டிலிருந்து மாமா வாங்கி வந்த கத்தி. அலகில் சிங்கம், கைப்பிடியில் தங்கநிறம். கண்ணாடி மேல் வைத்தால் ஆடுகிறது. பருவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பேச்சுவாக்கில், "வீட்ல வேற யாரும் இதை எடுக்கிறாங்களா?" என்று கேட்டேன். "அப்பாவும் அண்ணனும்தான். ஒரே கத்திதானங்கய்யா!" என்றார்.

மூவரையும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தது. அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அதனால் தெரியவே இல்லை. அது எந்த வழியில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் இருவருக்கும் அதுவரை தொற்றவில்லை. இருவரும் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அப்பா சிறப்பு மருத்துவரிடம் தொடர்ந்து பார்த்துவருகிறார். கத்தி இப்போது ஒருவருக்குத்தான்.

ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, காய்ந்த ரத்தத்தில் உடம்புக்கு வெளியேயும் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். ஹெபடைடிஸ் சி கிருமியும் ரத்தத்தில் பரவுவதே. எச்.ஐ.வி. கிருமி வெளியில் அவ்வளவு தாக்குப்பிடிக்காது, என்றாலும் பிறர் ரத்தம் பட்ட கத்தியை நம் காயத்தில் வைக்கலாமா? தோலில் வரும் படர்தாமரையும் சீழ்க்கட்டியும்கூடக் கத்தி வழியே முகம் மாறும்.

"வெந்நீரில் கழுவிட்டுத்தானே எடுக்கிறோம்?" என்பார்கள். கழுவுவது போதாது. 20 நிமிஷம் கொதிக்க வைத்தால் கைப்பிடி கெடும். பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தால் கார்பன் எஃகின் வாய் அரித்துப்போகும். கத்தியைக் கெடுக்காமல் கிருமியை முழுசாகக் கொல்வது வீட்டில் நடக்கிற காரியமல்ல. ஆகவே அலகு மாற்ற முடியாத சவரக்கத்தி தனி ஒருவருக்கு மட்டுமே. பல் துலக்கும் பிரஷை யாருக்காவது இரவல் கொடுப்போமா? அதே கணக்குதான்.

சலூனிலும் கோயிலிலும்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அதன்பின் வந்த விழிப்புணர்வில்தான் சலூன்களில் பழைய கத்தி போய், பிளேடை மாற்றிப் போடும் கத்தி பரவலானது. இது பார்க்கச் சாதாரணமானதுதான், செதுக்கல் கிடையாது. ஆனால் பலர் வந்துபோகும் இடத்தில் இதைவிடச் சிறந்த கத்தி இல்லை. பிளேடை உங்கள் கண் முன்னால் உறையிலிருந்து எடுத்துப் போடச் சொல்லுங்கள். "புது பிளேடு போடுங்கண்ணே" என்று மரியாதையாகக் கேட்டால் எந்தத் தொழிலாளியும் கோபப்பட மாட்டார். அவருக்கும் அது பாதுகாப்பே. ரத்தம் படும் தொழிலில் இருக்கும் அவர்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியம். பெரியவர்களுக்கு வழக்கமாக 3 ஊசிகள்: முதல் ஊசி, 1 மாதம் கழித்து ஒன்று, 6-வது மாதம் ஒன்று.

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா, பழனி, குலதெய்வக் கோயில் என்று நாம் குடும்பத்தோடு முடி இறக்குகிறவர்கள். கூட்டத்தில் அவசரப்படாதீர்கள். அப்பாவுக்குப் போட்ட பிளேடால் பிள்ளைக்கு வேண்டாம். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021-லிருந்து முடி காணிக்கைக்குக் கட்டணமும் இல்லை. கையோடு இரண்டு மூன்று புது பிளேடு கொண்டுபோவதில் என்ன சிரமம்?

குழந்தைக்கு உச்சிக்குழி மூட ஏறக்குறைய ஒன்றரை வயது ஆகும். மொட்டை போடும்போது அந்த இடத்தில் அழுத்தம் கூடாது. கூர்முனைக் கத்தி கூடவே கூடாது. குழந்தை திமிறினால் நிறுத்திவிட்டு, தூங்கவைத்துப் பிறகு எடுக்கலாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சவரம் செய்யும் முறை

முகத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சோப்பு நுரையை 2, 3 நிமிஷம் ஊறவிடுங்கள். கத்தி தோலோடு சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்கட்டும். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி படிந்திருக்கும் போக்கிலேயே வழியுங்கள். எதிர்ப்போக்கு வேண்டாம். கத்தியைப் பக்கவாட்டில் ஒருபோதும் நகர்த்தாதீர்கள், வெட்டு விழுவது அப்படித்தான்.

முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, நனைத்த படிகாரக் கல்லை லேசாகத் தேயுங்கள். நம் நூல்கள் சீனக்காரம் என்று சொல்வது இதைத்தான். சிறு கீறலில் கசியும் ரத்தத்தை நிறுத்தும். எரிச்சல் இருந்தால் சோற்றுக் கற்றாழையின் மஞ்சள் பால் போகக் கழுவி, உள்ளிருக்கும் சோற்றைத் தடவலாம். சிறு பருக்கள் இருந்தால் திரிபலா சூரணத்தைக் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறிய நீரில் கழுவி, பருக்கள் அடங்கும் வரை சவரத்தை நிறுத்துங்கள். படிகாரக் கல்லும் ஒருவருக்கு ஒன்றுதான், அதையும் பங்கு போடாதீர்கள்.

கத்தியைத் துடைத்து, காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, குளியலறைக்கு வெளியே பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அடுத்த சவரத்துக்கு முன் எண்ணெயைத் துடைத்துவிட்டுத் தோல் வாரில் முதுகு முன்னால் போகும்படி 30 தடவையாவது இழுத்தெடுங்கள். பழைய பிளேடுகளைக் குப்பையில் எறியாமல் ஒரு தகர டப்பாவில் போட்டு மூடிக் கொடுங்கள். குப்பை அள்ளுகிறவர் கையும் கைதானே!

யாருக்கு இந்தக் கத்தி வேண்டாம்?

கை நடுக்கம் உள்ளவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், பார்வை மங்கியவர்கள் தாமாக இதை எடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், காயம் ஆறினால் தழும்பு தடித்து வளரும் தோல் உள்ளவர்கள் சாதாரண ரேசரோ மின்சார ரேசரோ உபயோகிப்பது நல்லது. படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு வீட்டில் சவரம் செய்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

வாசகர்கள் கேட்பவை

"தாத்தாவின் கத்தி இருக்கிறது. உபயோகிக்கலாமா?"

வாயில் துருக்குழி, வெடிப்பு, பல் இல்லாமல், கண்ணாடிச் சோதனையில் தேறினால் நன்றாகச் சுத்தம் செய்து, விஷயம் தெரிந்தவரிடம் தீட்டி, நீங்கள் ஒருவர் மட்டும் உபயோகிக்கலாம். தேறாவிட்டால் நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கு அதுவும் மரியாதைதான்.

"காமாலை வந்தால் கீழாநெல்லி சாப்பிட்டால் போதாதா?"

போதாது. காமாலை எதனால் வந்தது என்று முதலில் ரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி இருந்தால் அதற்குரிய சிகிச்சையும் தொடர் கண்காணிப்பும் கட்டாயம். சித்த மருந்து எதுவானாலும் பட்டம் பெற்ற சித்த மருத்துவரைக் கலந்துகொண்டு, சிகிச்சை தரும் டாக்டருக்கும் தெரிவித்தே சாப்பிடுங்கள்.

வாங்கும் முன் உங்களையே கேளுங்கள்:

1. நனைந்த கையில் வழுக்காமல் நிற்கிறதா?
2. என்ன எஃகு என்று விற்பவர் சொன்னாரா?
3. கண்ணாடி மேல் ஆடாமல் படிகிறதா?
4. வாய் வெளிச்சத்தில் மின்னாமல் இருக்கிறதா?
5. மடக்கினால் நடுவில் உட்காருகிறதா?
6. முனை வட்டமா?
7. தீட்டுவதற்குக் கல், வார், ஆள் இருக்கிறார்களா?
8. என்னைத் தவிர யாரும் தொடாமல் வைத்துக்கொள்ள முடியுமா?

எட்டுக்கும் 'ஆமாம்' என்றால், பிறகு சிங்கம் வேண்டுமா, மயில் வேண்டுமா என்று தாராளமாகப் பாருங்கள். எட்டாவது கேள்விக்கு 'இல்லை' என்றால், மற்ற ஏழும் தேறினாலும் அந்தக் கத்தியை வாங்காதீர்கள்.